காலியாகக் கிடந்த தொண்ணூறு

இனி இந்த வீட்டில் இணையம் சட்டப்படிதான் ஓடும் என்று திருஞானசம்பந்தம் முடிவு செய்தது ஓர் ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமை, காலைப் பலகாரத்துக்கு முன்பு. பலகாரத்துக்குப் பின்பு என்றால் மனைவி சௌந்தரவல்லியிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பார். பசியில் எடுத்த முடிவு. அதனால்தான் அவ்வளவு துணிச்சல்.

ஒதுக்கீடு செய்வது அவருக்குப் புதிதல்ல. பிழைப்பே அதுதான். சரக்குப் பெட்டகம் அனுப்பும் நிறுவனம் ஒன்றின் பதினோரு கிளைகளிலும் இணைய இணைப்பு ஒழுங்காக ஓடுகிறதா என்று காரைக்கால் கோவில்பத்தில் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வார். ஒரு கிளைக்கு ஒரு கம்பிதான். அதிலேயே அலுவலகப் பேச்சும் போகவேண்டும், சரக்குப் பட்டியலும் போகவேண்டும், யாரோ மேசைக்கடியில் வைத்துப் பார்க்கும் கிரிக்கெட்டும் போகவேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் முண்டியடித்தால் பேச்சு திக்கும். ஆகவே போகிற வருகிறவற்றை வகுப்பு வகுப்பாகப் பிரித்து, இந்த வகுப்புக்கு இவ்வளவு இடம் என்று முன்கூட்டியே ஒதுக்கிவைப்பார். பதினோரு கிளைகளிலும் சம்பந்தம் ஒதுக்கியது ஒதுக்கியதுதான், மறுபேச்சு கிடையாது. சொந்த வீட்டில் அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது முன்னறையில் ஒரு மேசையும், மின்விசிறியின் ஓரக் காற்றும்.

கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆரம்பித்தவர் அப்படியே தங்கிவிட்டார். யாரும் கேட்கவில்லை. போன மாதம் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு ரஞ்சித்குமார் என்று ஒரு புது மேலாளர் வந்தார். முப்பத்திரண்டு வயது. கேட்டார். எல்லோரும் சென்னைக்குத் திரும்பவேண்டும் என்றார். தன் வீட்டு இணைப்பு அலுவலக இணைப்புக்கு இளைத்ததல்ல என்று நிரூபிப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. அதற்கு ஒரு மணி நேரக் காணொளிக் கூட்டம் நடக்கும். இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் காணாமல் போகிறவர் பெட்டியைக் கட்டலாம். சம்பந்தத்துக்கு விழுந்த நாள், அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி, பிற்பகல் மூன்று மணி.

கூட வேலை பார்த்த பாலகுரு ஏற்கெனவே போய்விட்டார். திருவல்லிக்கேணியில் ஓர் அறையில் இன்னும் மூன்று பேரோடு தங்கியிருக்கிறார். தினமும் காலையில் அந்த மாடிக்கே பொதுவான குளியலறையின் வரிசையில் நின்றபடி சம்பந்தத்துக்கு ஒரு படம் அனுப்புவார். படத்தில் ஒரு வாளியும் ஐந்து முதுகுகளும் இருக்கும். கீழே ஒரு வரி எழுதமாட்டார். ஐம்பத்தொரு வயதில் அந்த ஆறாவது முதுகாகப் போய் நிற்பதை நினைத்துச் சம்பந்தம் படத்தை உடனே அழித்துவிடுவார்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. போன கூட்டத்தில் அவர் படம் நாற்பது விநாடி உறைந்துபோயிற்று. உறைந்த கணத்தில் வாய் திறந்திருந்தது, கண் பாதி மூடியிருந்தது. யாரோ அதைப் பிடித்து ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். அலுவலகத்தில் யாராவது புரியாத கேள்வி கேட்டால் இப்போதெல்லாம் பதிலுக்குச் சம்பந்தத்தின் முகம் போகிறது.

அந்த நாற்பது விநாடிக்கு யார் பொறுப்பு என்று அவர் விசாரித்தார். வீட்டில் மொத்தம் மூன்று பேர். மகள் விஷ்ணுப்ரியா கல்லூரியில் கணினி படிக்கிறாள்; அவள் அப்போது வீட்டில் இல்லை. ஆக சந்தேகம் அடுப்படிக்குப் போயிற்று.

சௌந்தரவல்லியின் அக்கா அஞ்சுகம் வாக்கப்பட்டது பிரான்ஸ் குடியுரிமை உள்ள குடும்பத்தில். இருப்பது பாரிஸுக்குப் பக்கத்தில். இங்கே பிற்பகல் என்றால் அங்கே சமையல் நேரம். சௌந்தரவல்லி போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்து அக்காவை வீடியோவில் கூப்பிடுவாள். அங்கே அவளும் எதிலோ சாய்த்து வைத்துக்கொள்வாள். பிறகு இரண்டு பேரும் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். இவள் கீரை ஆய்வாள், அவள் வெங்காயம் நறுக்குவாள். இரண்டு மணி நேரம். பேச்சு என்று பார்த்தால் நாலு வாக்கியம் தேறாது. பேசாமல் இருப்பதற்கு எதற்கு வீடியோ என்று சம்பந்தம் ஒருநாள் கேட்டார்.

"அவ பேசாம இருக்கறதப் பாக்கணும்ல" என்றாள்.

ஆகவே சட்டம் வந்தது. வீட்டு இணைப்பை நூறு பங்கு என்று வைத்துக்கொண்டு நாலு வகுப்பாகப் பிரித்தார். எந்தக் கருவி எந்த வகுப்பு என்று ரவுட்டர் பெட்டிக்குள் எழுதிப் பூட்டினார். ஊரறிய வேண்டும் என்பதற்காக ஒரு வெள்ளைத் தாளில் கட்டம் போட்டு ஃப்ரிட்ஜ் கதவிலும் ஒட்டினார். சௌந்தரவல்லி தோசைக் கரண்டியோடு வந்து படித்தாள்.

"இது என்னாங்க?"

"பங்கீடு."

"அறுபது யாருக்கு?"

"ஆபீசுக்கு."

"ஆபீசு எங்க இருக்கு?"

"நான்தான்."

"ப்ரியாவுக்கு இருவது. எனக்குப் பதினஞ்சு. நான் மூணாம் வகுப்பா?"

"நீ இல்ல. உன் போன்."

"போன் யாருது?"

அவள் கரண்டி முனையால் கடைசிக் கட்டத்தைத் தொட்டாள். அஞ்சு மட்டும் அனாதையாகக் கிடக்கிறதே என்றாள். அது மிச்ச வகுப்பு, டிவி, வருகிற போகிற விருந்தாளிகள், அந்த மாதிரி என்றார்.

"எங்கம்மா வந்தா?"

விருந்தாளிதானே என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் தண்ணீர் குடித்தார். சில இடங்களில் தொழிலறிவைவிடத் தாகம் உதவுகிறது.

பிறகு அவள் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதில்தான் காரணம்.

"உங்க அறுபது சும்மா கெடந்தா நாங்க செத்த நேரம் எடுத்துக்கலாமா?"

"கூடாது."

"எங்களுது சும்மா கெடந்தா?"

"அதையும் யாரும் எடுக்க முடியாது. காலியாவே கெடக்கும். அவங்கவங்க பங்கு அவங்கவங்களுக்கு."

அலுவலகத்தில் அவர் இப்படிச் செய்வதில்லை. ஒரு வகுப்பின் இடம் சும்மா கிடந்தால் அதை அடுத்த வகுப்பு அந்த நேரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் பதினோரு கிளைகளிலும் வைத்திருக்கிறார். விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள். வீட்டில் மட்டும் அந்த வசதியை அணைத்துவிட்டார். காரணம் தொழில்நுட்பம் அல்ல, அனுபவம். சௌந்தரவல்லிக்கு ஒருமுறை இரவலாகப் போனது எதுவும் அவரிடம் திரும்பி வந்ததில்லை. அவருடைய அலமாரியில் மேல்தட்டு அப்படிப் போனதுதான். மோட்டார் சைக்கிளில் மாட்டியிருந்த பை அப்படிப் போனதுதான்.

அவள் தாளை இன்னொரு தடவை மேலிருந்து கீழ் படித்தாள்.

"சரி" என்றாள்.

கல்யாணமாகி இருபத்து நான்கு வருடத்தில் அவள் சரி என்று மட்டும் சொல்லி நிறுத்தியது அதுவரை இரண்டு தடவை. முதல் தடவை, அவர் ஆசையாக வாங்கிவந்த மாவரைக்கும் இயந்திரம் மூன்றாம் நாள் கடைக்கே திரும்பிப் போயிற்று. இரண்டாம் தடவை என்ன நடந்தது என்று அவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்று காலை தோசை இறங்கவில்லை அவருக்கு.

மறுநாள் திங்கட்கிழமை. சுரக்குடியில் மாமியார் வீட்டில் அரிசி மூட்டை அரைத்து வந்து கிடக்கிறது, ஒரு எட்டு போய் எடுத்துவந்துவிடுங்கள் என்றாள். அவர் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனார். மாமியார் சாப்பிடாமல் அனுப்பமாட்டேன் என்று பிடித்து உட்காரவைத்துவிட்டார். வீடு திரும்பும்போது மாலை நான்கு.

புதன்கிழமைதான் அந்த விபரீதம் அவர் கண்ணில் பட்டது. ரவுட்டருக்குள் நாலு வகுப்புக்கும் நாலு பட்டைகள் உண்டு. யார் எவ்வளவு இழுக்கிறார்களோ அதற்கேற்ப ஏறும், இறங்கும். அவருடைய பட்டை ஒழுங்காக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மகளுடைய பட்டை சுழியம். மனைவியுடையது சுழியம். மிச்ச வகுப்பும் சுழியம். பெட்டியில் கோளாறோ என்று அணைத்துப் போட்டுப் பார்த்தார். மறுபடியும் சுழியம். செவ்வாய்க்கிழமைக் கணக்கை எடுத்துப் பார்த்தார். அன்றும் ஒரு பொட்டு இல்லை.

அடுப்படிக்குப் போனார். உப்பு ஜாடி இருந்தது. அதில் போன் சாய்ந்திருக்கவில்லை. அவள் கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு மாடி அறைக்குப் போயிருந்தாள். முழங்கால் வலிக்காரர் என்பதால் அவர் மாடிக்கு ஏறுவதில்லை. அவள் இறங்கி வந்ததும், அக்காவோடு பேசவில்லையா என்று மெதுவாகக் கேட்டார்.

"உங்க லைன்ல நாங்க கையே வைக்கிறதில்லங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் உறுத்திற்று.

மகளைக் கேட்டார். அவளும், உங்க லைன் எனக்கு வேணாம்ப்பா என்று சொல்லிவிட்டுத் தலை வாரிக்கொண்டாள்.

அவர் நினைத்தது நெரிசலைக் குறைக்கத்தான். பட்டினி போட அல்ல. இருபது இருக்கிறது, பதினைந்து இருக்கிறது, எடுத்துப் புழங்குங்கள் என்றுதான் வைத்தார். இரண்டு பெண்பிள்ளைகள் ஒரு வீட்டில் இணையத்தையே துறந்துவிட்டார்கள் என்றால், அதுவும் தன் ஒருவன் பொருட்டு என்றால், வெளியில் தெரிந்தால் என்ன ஆகும்? அஞ்சுகத்துக்குத் தெரிந்தால்?

வியாழக்கிழமை காலை கிளிஞ்சல்மேட்டுக்கு மோட்டார் சைக்கிளை விட்டார். யாரும் கேட்கவில்லை, அவராகவே போனார். கரைக்கு வந்த ஃபைபர் படகிலிருந்து நல்ல காலா மீனாகப் பார்த்து வாங்கி, கொல்லையில் உட்கார்ந்து அவரே செதில் சீவிக் கழுவிக் கொடுத்தார். சௌந்தரவல்லி வாங்கிக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டாள். அது மீனுக்கு விட்டதா, இணையத்துக்கு விட்டதா என்று தெரியாமல் அவர் அன்றைக்கே தன் பங்கை அறுபதிலிருந்து ஐம்பதாகக் குறைத்து, பத்தை அவள் பக்கம் தள்ளினார். தாளிலும் திருத்தினார்.

அவள் திருத்தத்தைப் பார்த்தாள். என்னாத்துக்கு இதெல்லாம் என்றாள். பட்டை அசையவில்லை.

சனிக்கிழமை துணி காயப்போட்டார். மகளுக்குப் பத்து கூட்டினார். ஞாயிற்றுக்கிழமை மாமியாரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டி, சுரக்குடி வரை கொண்டுபோய் விட்டுவந்தார். விருந்தாளி வகுப்புக்கும் ஐந்து கூட்டினார். திங்கட்கிழமை ஒட்டடை அடித்தார். மூன்று பட்டைகளும் சுழியத்திலேயே நின்றன. கொடுக்கக் கொடுக்க அவர்கள் வாங்கவில்லை. வாங்காததால் அவர் இன்னும் கொடுத்தார்.

பக்கத்து வீட்டு காஜா நஜ்முதீன் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு ஊர் நிலவரம் பார்ப்பவர். சம்பந்தம் கொல்லையில் போர்வையைப் பிழிந்துகொண்டிருப்பதைச் செவ்வாய்க்கிழமை பார்த்துவிட்டார்.

"என்னா சம்பந்தம், வீட்ல சண்டையா?"

"இல்ல பாய்."

"சண்டை இல்லாமலா போர்வை பிழியிறீங்க?"

"சண்டையே போடமாட்டேங்கிறா பாய். எது சொன்னாலும் சரிங்கிறா."

நஜ்முதீன் முகத்திலிருந்து சிரிப்புப் போய்விட்டது. கடலில் புயலுக்கு முன்னால் தண்ணீர் தட்டு மாதிரி ஆகிவிடும், மாலுமிகள் அப்போதுதான் கயிற்றைக் கட்டிக்கொள்வார்கள் என்று ஒரு கதை சொன்னார். பிறகு ஞாபகம் வந்தவர்போல, கொஞ்ச நேரத்துக்கு முன்னால் உங்கள் வீட்டம்மாவை மாடி அறை ஜன்னலில் பார்த்தேன், நன்றாகத்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்றார்.

"யாரோட?"

"யாரும் இல்ல. தனியாத்தான். கீரை ஆஞ்சிக்கிட்டே சிரிச்சாங்க."

சம்பந்தம் போர்வையைக் கீழே போட்டுவிட்டார். ஒரு வாரத்துக்குமேல் அக்காவைப் பார்க்காமல் ஒரு மனுஷி தனியாகச் சிரிக்கும் நிலைக்கு வந்திருக்கிறாள். அதற்குக் காரணம் ஃப்ரிட்ஜ் கதவில் அவர் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. அவர் ரவுட்டரைத் திறந்து உட்கார்ந்தார். ஒரு முகம், ஒரு குரல், அவ்வளவுதானே, பத்துப் பங்கு தாராளம் என்று கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். தனக்குப் பத்து வைத்துக்கொண்டு, மனைவிக்கு ஐம்பது, மகளுக்கு முப்பது, மிச்ச வகுப்புக்குப் பத்து என்று எழுதினார். ரவுட்டர் அணைந்து எழ இரண்டு நிமிடம் பிடித்தது. எதை மாற்றினாலும் அதற்கு அந்த இரண்டு நிமிடத் தூக்கம் வேண்டும். பழைய தாளைக் கிழித்துவிட்டார். புதுத் தாள் ஒட்டவில்லை. கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவது அழகல்ல என்று தோன்றிற்று. மனசு லேசாயிற்று.

மூன்று மணிக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, கணினி முன்னால் உட்கார்ந்தார். திரையில் ரஞ்சித்குமாரும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். முதல் இருபது நிமிடம் அப்பழுக்கில்லை. படம் கண்ணாடி போல இருந்தது. சம்பந்தம் அநாவசியமாக வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டார். எந்தக் கணத்தில் உறைந்தாலும் பார்க்கிற மாதிரி இருக்கவேண்டும் என்று முகத்தை ஒரு மாதிரி மலர்த்தியே வைத்திருந்தார். கன்னம் வலித்தது.

இருபத்தோராம் நிமிடம் ரஞ்சித்குமார், பதினோரு கிளைகளின் நிலவரத்தையும் உங்கள் திரையில் திறந்து எங்களுக்குக் காட்டியபடி விளக்குங்கள் என்றார். நியாயமான கேள்வி. சம்பந்தத்தின் வேலையே அதுதான். ஆனால் ஒரு முகத்துக்கும் ஒரு குரலுக்கும் அளந்து வைத்த பத்தில் இப்போது பதினோரு கிளைகளும் ஏறவேண்டியிருந்தது.

நாகப்பட்டினம் ஏறிற்று. தூத்துக்குடி ஏறிற்று. மூன்றாவது கிளையில் ரஞ்சித்குமார் காதில் கைவைத்தார். அப்புறம் அவர் உதடுதான் அசைந்தது. அப்புறம் ஒரு வரி எழுதி அனுப்பினார். "சார், உங்க படம் நின்னுபோச்சு."

சம்பந்தம் பக்கத்தில் இருந்த போனில் ரவுட்டரைப் பார்த்தார். அவருடைய பட்டை பத்தில் முட்டிச் சிவப்பாகத் துடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஐம்பது காலி. முப்பது காலி. பத்து காலி. தொண்ணூறு பங்கு இணையம், பந்தி முடிந்த மண்டபம்போல் ஆளில்லாமல் கிடந்தது. அதில் ஒரு பங்கைத் தொட அவருக்கு உரிமையில்லை. அவரே போட்ட சட்டம். மாற்றலாம். மாற்றினால் பெட்டி இரண்டு நிமிடம் தூங்கும். இரண்டு நிமிடம் காணாமல் போனால் திருவல்லிக்கேணி.

"சௌந்தரா" என்றார். பல் பிடுங்குகிற நாற்காலியில் உட்கார்ந்தவன் கூப்பிடுகிற மாதிரி வந்தது குரல்.

அவள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கையில் ஒரு முருங்கைக் கொத்து இருந்தது.

"என்னாச்சு?"

"பத்து நெறஞ்சிருச்சு."

"எந்தப் பத்து? அறுபது, அம்பதுன்னுல்ல வெச்சிருந்தீங்க?"

"ஒங்களுக்குக் குடுத்துட்டேன்."

சௌந்தரவல்லி அவரைப் பார்த்தாள். ஒரு விநாடிக்குமேல் பார்க்கவில்லை. அந்த ஒரு விநாடியிலும் நிறையப் பார்த்துவிட்டாள். முருங்கைக் கொத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கணினியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அந்தப் பக்கம் திரும்புங்க."

"கூட்டம் நடக்குது."

"அதான் படம் நின்னுபோச்சே. யாரு பாக்கப்போறா? திரும்புங்க."

அவர் திரும்பினார். சுவரில் நாட்காட்டி இருந்தது. அதில் வெள்ளிக்கிழமை என்று போட்டிருந்தது. பின்னால் விசைகள் தட்டுப்படும் சத்தம் கேட்டது. எட்டுத் தட்டு. கடைசியாக ஒரு பலமான தட்டு.

அதே கணத்தில் சென்னையில் படம் உயிர் பெற்றது. மூன்று அதிகாரிகளுக்கும் சம்பந்தத்தின் பின்மண்டை, நரைமுடி ஒவ்வொன்றும் எண்ணலாம் என்கிற துல்லியத்தில் தெரிந்தது.

"சார், கேக்குதா?" என்றார் ரஞ்சித்குமார்.

சம்பந்தம் திரும்பி உட்கார்ந்தார். கேட்கிறது என்றார். மீதி ஒன்பது கிளைகளும் வரிசையாக வழுக்கிக்கொண்டு ஏறின. ஏன், எப்படி என்று தெரியாமலேயே அவர் எல்லாவற்றையும் விளக்கினார். நான்கு மணிக்குக் கூட்டம் முடியும் தறுவாயில் ரஞ்சித்குமார் பேனாவைக் கீழே வைத்தார். லைன் விழுவது எங்கேயும் நடப்பதுதான், விழுந்தால் எவ்வளவு நேரத்தில் எழுகிறார்கள் என்றுதான் நான் பார்க்கிறேன் என்றார்.

"ஒரு நிமிஷத்துலயே வந்துட்டீங்க. ரெண்டாவது லைனா?"

சம்பந்தத்துக்கு அப்போதுதான் விளங்கிற்று. விளங்கியதைக் காட்டிக்கொள்ளாமல் தலையாட்டினார்.

"இதுவரைக்கும் பதினாலு பேர பாத்துட்டேன் சார். ஒருத்தர் வீட்லயும் மாற்று லைன் இல்ல. நீங்களே யோசிச்சுப் போட்டதா?"

சௌந்தரவல்லி கதவு நிலையில் சாய்ந்து கீரை உருவிக்கொண்டிருந்தாள். சம்பந்தம் அந்தப் பக்கம் பார்க்காமல், ஆமாம் சார், நாமதானே முன்யோசனையா இருக்கணும் என்றார். கீரை உருவும் சத்தம் ஒரு நொடி நின்று மறுபடி தொடங்கிற்று.

திரை அணைந்ததும் அவர் நாற்காலியைத் திருப்பினார். எப்போதிலிருந்து என்று கேட்டார். நீங்கள் தாளை ஒட்டிய மறுநாள், நீங்கள் சுரக்குடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என்றாள். கேபிள் சிவக்குமாரைக் கூப்பிட்டு மாடி அறையில் தன் பெயரில் புது லைன் போட்டுக்கொண்டாள். அந்த லைனின் பெயர் யார் கண்ணிலும் படாமல் ப்ரியா மறைத்துக் கொடுத்தாள். மூன்று பேரில் இரண்டு பேரும் டிவியும் அன்றைக்கே அதற்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். சுரக்குடி அரிசிகூட அடுத்த வாரம்தான் தேவைப்பட்டதாம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அதுக்கும் கட்டம் போட்டு ஒட்டுவீங்க."

அவர் வேறு பக்கத்திலிருந்து வந்தார். மீன் வாங்கியது, துணி காயப்போட்டது, அத்தையைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனது, ஒட்டடை, போர்வை என்று வரிசையாகச் சொன்னார். அதையெல்லாம் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருந்தாய் என்றார்.

"நான் எதுனா கேட்டனா? நீங்களா செஞ்சீங்க. நல்லா செய்றவங்கள நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு இருந்துட்டேன்."

"பட்டினி கெடக்குறீங்கன்னு நெனச்சேன் சௌந்தரா. மாடியில தனியா சிரிச்சேன்னு பாய் சொன்னாரு."

"அக்கா சிரிச்சா. நானும் சிரிச்சேன்."

"எதுக்கு?"

"நீங்க கொல்லையில போர்வ பிழிஞ்சிக்கிட்டு இருந்தீங்க. போனை ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டுனேன்."

சம்பந்தம் பாரிஸுக்குப் பக்கத்தில் ஓர் அடுப்படி வரை தன் போர்வை போய்ச் சேர்ந்திருப்பதை நினைத்துக்கொண்டிருந்தார். அவள் உருவிய கீரையை முறத்தில் தட்டிவிட்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள்.

"மெட்ராசுக்குப் போயி வாளியோட நிக்கப்போறீங்களேன்னு எனக்கும் பயம் இருக்காதா? அந்த லைன முழுசா ஒங்களுக்கே விட்டுட்டுத்தான் நாங்க ஏறிப் போனோம். நூறையும் வெச்சிக்கிட்டு ராஜா மாதிரி உக்காருவீங்கன்னு பாத்தா, பத்த வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

அவர் ஏதோ சொல்லவந்தார். அதற்குள் அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். கணினியைத் திரும்பிப் பார்த்தார். புது லைன் துண்டிக்கப்பட்டிருந்தது. கூட்டம் முடிந்துவிட்டதல்லவா.

திங்கட்கிழமை சென்னையிலிருந்து மின்னஞ்சலில் கடிதம் வந்தது. காரைக்காலிலிருந்தே வேலையைத் தொடர அனுமதி. சம்பந்தம் அதை மூன்று தடவை படித்தார். பாலகுருவுக்கு அனுப்பலாமா என்று யோசித்து, பாவம் என்று விட்டுவிட்டார். பதினைந்து நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் தோசை தோசையாக இறங்கிற்று. ஐந்தாவது தோசையில் கடிதத்துக்குக் கீழே இன்னொரு பக்கம் இருப்பதைக் கவனித்தார்.

அது ஒரு படிவம். மாற்று இணைப்பு இருப்பதை வைத்துத்தான் அனுமதி என்பதால், அந்த இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய சம்மதம் வேண்டும். ஊழியரின் பெயரிலேயே இருந்தால் தேவையில்லை என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தது. அடைப்புக்குறிக்குள் இருந்ததை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அச்செடுத்துக்கொண்டு அடுப்படி வாசலில் போய் நின்றார்.

சௌந்தரவல்லி கையைத் துடைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்று அவர் இடத்தைக் காட்டினார். படிக்காம எப்படிங்க என்று அவள் தலைப்பிலிருந்து ஆரம்பித்தாள். நிறுத்தி, வாய்விட்டு, அட்சரம் பிசகாமல் படித்தாள்.

"'என் பெயரில் உள்ள மேற்படி இணைப்பை என் கணவர் திருஞானசம்பந்தத்தின் அலுவலகப் பயன்பாட்டுக்கு ஓராண்டுக்கு ஒதுக்கித் தரச் சம்மதிக்கிறேன்.'" கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். "நீங்களே முன்யோசனையா போட்ட லைனுல்ல இது?"

"ஏதோ வாய் தவறி வந்துருச்சு."

"பரவால்ல. பேனா குடுங்க."

கொடுத்தார். அவள் படிவத்தை ஃப்ரிட்ஜ் கதவில் வைத்து, 'ஓராண்டுக்கு' என்பதைக் கோடு போட்டு அடித்து, அதன் மேலே 'ஒரு வாரத்துக்கு' என்று எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு சுருக்கொப்பமும் வைத்துவிட்டு, கீழே நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.